மகாத்மாவின் மேடைக் கூச்சம்

நமது சங்கக் கூட்டங்களில் பேச வருமாறு வாலிபர்களை அழைத்தால், ஒருவர் பின் ஒருவர் ஒளிந்துகொள்ளக் காண்கிறோம். அவர்கள் பொருட்டு, காந்தியடிகளின் இளமைச் சரிதத்தில் ஒரு பகுதியை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

1888-ம் வருஷம் அவர் சீமைக்குப் புறப்படுமுன், ராஜ்கோட் பள்ளிக்கூட மாணாக்கர் வழியனுப்பு உபசாரம் நடத்தினர். நன்றி கூறச் சில வார்த்தைகள் எழுதி வந்திருந்தார். அவற்றைப் படிப்பதற்குள் தலை சுழன்று தேகமெல்லாம் நடுங்கிற்று. ஆனால், பின்னர் பம்பாயில் அவருடைய மோட் வணிக ஜாதியார் சபை கூட்டி, கடல் கடப்பது மத விரோதமென்று அதட்டியபோது, அதே பதினெட்டு வயதுப் பிள்ளை சிறிதும் தயங்காது எழுந்து, தாம் போவது நிச்சயமென்றார். தலைவர் அவரை ஜாதிப் பிரஷ்டம் செய்து, அவருக்கு உதவுவோருக்கும் துறைமுகம் சென்று வழியனுப்புவோருக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் விதித்தார். ஜாதிச் சங்கம் நடத்தும் நாம் அந்த ஒன்றேகால் ரூபாயை மறக்கலாகாது.

லண்டனில் மரக்கறி உணவுச் சங்கத்தின் நிர்வாக சபையில் இடம் பெற்றும் வாய் திறவாது அமர்ந்திருப்பார். பாரிஸ்டராகித் திரும்பிய பின், பம்பாய் ஸ்மால்காஸ் கோர்ட்டில் 30 ரூபாய் பீஸுக்கு ஏற்ற முதல் வழக்கில், குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர் ஒரு கேள்வியும் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

1893-ல் தென்னாப்பிரிக்கா சேர்ந்தார். ரயிலிலிருந்து தள்ளப்பட்ட புண் ஆறாத நேரம். பிரிட்டோரியா நகரில் இந்திய வியாபாரிகளைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மை, சுகாதாரம், ஜாதி மத பேதங்களை மறத்தல், குறைகளைச் சர்க்காருக்கு விண்ணப்பிக்க ஒரு சங்கம் வேண்டுமென்பது ஆகியவற்றைப் பற்றிப் பேசினார். தம் வாழ்நாளின் முதற் பிரசங்கமாக அவர் பிற்காலத்தில் கருதியது இதுவே.

மறு வருஷம் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் ஏற்பட்டது. அதன் கூட்டங்களுக்கு வந்தவர் பலர் பேச எழவே கூசினர். விஷயத்தை விட்டு விலகாமல் சுருக்கிச் சொல்லும் பழக்கமும் அவர்களுக்கில்லை. தாமே அந்தச் சங்கடத்தை அனுபவித்தவராதலின், காந்தியடிகள் அவர்களைப் பரிகசிக்கவில்லை. சபை நடத்தும் விதிகளைப் பொறுமையோடு விளக்கினார். வாக்குரிமையைப் பறிக்கும் சட்டமும், ஒப்பந்தக் கூலியாட்கள் மீது சுமத்தக் கருதிய தலைவரியும் அவர்கள் முன் நின்ற விஷயங்கள். தம் தலைமேல் வந்த சங்கதியைப் பேச அலங்காரச் சொல் வேண்டியிருக்கவில்லை. சபையேறியறியாத பலர் பொது விஷயங்களைச் சிந்தித்துப் பேசப் பழகினர்.

எனினும் கூச்சம் அடியோடு ஒழிந்ததென்று நாம் சொல்லோம். 1896-ல் பம்பாயில் ஸர் பிரோஸ்ஷா மேத்தா கூட்டிய பெருங் கூட்டத்தில் குரல் எழும்பாமல் போகவே, எழுதிவந்ததைத் தின்ஷா வாச்சா வாசித்து முடித்தார். அவ்வருஷமே அக்டோபர் 26-ந் தேதி சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் காந்தியடிகள் நீண்டதொரு பிரசங்கம் செய்தார். எஜமானன் அடித்து முன்பற்கள் இரண்டு உடைய, வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையிலேந்தி டர்பனில் அவர்முன் வந்து நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலியாளின் கதை சென்னையாரை உருக்கியிருந்தது. அவர்கள் ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாய்க் கேட்டனர். கூட்டம் முடிந்ததும் அவருடைய பச்சை அட்டைப் பிரசுரத்துக்குப் பெரும் நெரிசல் உண்டாயிற்று.