கண் கொடுத்த முரடர்

நம் சங்க மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாறு எழுதித் தருமாறு ஆசிரியர் என்னைப் பணித்தார். இப்பகுதியில் பெரும்பாலும் புலவர்களும் விடுதலை வீரர்களுமே இடம்பெறுவது வழக்கம். மருத்துவம் பயிலும் நான் ஒரு மருத்துவரைத் தேர்ந்துகொண்டேன். அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். சான்றோர் என்னும் சொல்கூட அவருக்கு முழுதும் பொருந்தாது. வாயைத் திறந்தால் வசைமொழி, கையிலே புகைக்குழாய், மாலை வந்தால் விஸ்கி, கடவுள் நம்பிக்கை அறவே கிடையாது. ஆயினும் என்ன? காளத்தி மலையிலே கண்ணை இடந்து அப்பிய வேடரை நாயன்மார் வரிசையிலே வைத்துக் கொண்டாடும் நாம், முரடர் ஒருவரைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை அன்றோ? அவர் பெயர் பிரெட் ஹாலோஸ்.

நியூசிலாந்து நாட்டின் தென் தீவிலே டனீடன் என்னும் நகரம். அங்கே 1929ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பிறந்தார் ஹாலோஸ். தந்தையார் புகைவண்டி ஓட்டுபவர். குடும்பத்தில் செல்வம் இல்லை. சமயப் பற்று நிரம்ப உண்டு. பையனும் பாதிரியார் ஆகும் எண்ணத்தோடு வேதக் கல்லூரியிலே சேர்ந்தார். விடுமுறையில் மனநோயாளர் விடுதி ஒன்றில் ஊழியம் செய்யப் போனார். கோயில் வாயிலை மிதிக்காதவர்களும் பிறர் துன்பம் கண்டு இரங்கி, முகம் கோணாமல் பணி செய்வதை அங்கே கண்டார். நன்மை செய்யச் சமயம் தேவையில்லை என்ற முடிவு அவருக்கு அப்போது ஏற்பட்டது. வேதக் கல்லூரியை விட்டார். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். ஓய்வு கிடைத்த போதெல்லாம் பனிமலை ஏறுவார். பொதுவுடைமைக் கட்சியிலும் உறுப்பினரானார். படிப்பு, மலை, கட்சி என்ற மூன்றில் எது முதலில், எது பின்னர் என்று சொல்வது அரிது.

1961இல் இங்கிலாந்து சென்று, இலண்டனில் உள்ள மூர்பீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். பின்னர் வேல்ஸ் நாட்டிற்குப் போனார். அங்கே ஆர்ச்சி காக்ரன் என்ற பேரறிஞர், நோயை மருத்துவமனைக் கட்டிலிலே மட்டும் பார்த்தால் போதாது, ஊரிலே சென்று பார்க்கவேண்டும் என்னும் கொள்கையுடையவர். ராண்டா பள்ளத்தாக்கில் நிலக்கரித் தொழிலாளர் வாழும் பெர்ன்டேல் என்னும் ஊரில், கண்ணழுத்த நோயைப் பற்றி ஹாலோஸ் ஆராய்ந்தார். நோயாளி தம்மைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் ஒருவர் விடாமல் சோதிப்பது முறை. கண்ணுக்குள் அழுத்தம் மிகுந்தவர் பலருக்குப் பார்வை பழுதின்றி இருந்தது இவ்வாறு தெரிய வந்தது; அதற்கு முன் பாடநூல்கள் கூறியது வேறு. இதை நான் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வருகிறவரை மட்டும் பார்ப்பவனுக்கு வராதவன் கண்ணில் படுவதில்லை. வராதவனைத் தேடிச் செல்லும் பழக்கம் ஹாலோஸுக்கு அந்தச் சுரங்க ஊரிலேதான் அமைந்தது.

1965இல் ஆஸ்திரேலியா வந்து, சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவத் துறையில் பேராசிரியப் பொறுப்பேற்றார். அமைதியாகவே காலம் கழித்திருக்கலாம். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு வட ஆட்புலத்தில் வேவ் ஹில் என்னும் மாட்டுப் பண்ணையில், குரிஞ்சி என்ற ஆதிகுடி மக்கள் வேலையை விட்டு வெளியேறினர். நியாயமான கூலியும் தம் முன்னோரின் நிலமும் வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. தலைவர் வின்சென்ட் லிஞ்சியாரி. வாட்டி ஓடைக்கரையில் குடிசை போட்டுத் தங்கியிருந்த அவர்களைக் காண, அறுபதுகளின் பிற்பகுதியில் ஹாலோஸ் சென்றார். தாம் பாடநூலிலே மட்டும் படித்திருந்த ஒரு நோயை அங்கே பலர் கண்களிலும் கண்டு திடுக்கிட்டார்.

அதுதான் டிரக்கோமா. சிறு குழந்தையின் கண்ணில் தொற்றும் ஒரு கிருமி. முகம் கழுவ நீர் இல்லாத இடத்தில், ஈயாலும் விரலாலும் துணியாலும் பரவும். மீண்டும் மீண்டும் தொற்றினால் இமையின் உட்புறம் தழும்பேறிச் சுருங்கும். இமை உட்புறமாக மடங்கும். பிறகு ஒவ்வொரு முறை இமைக்கும் போதும் இமை மயிர் கருவிழியை உராயும். கண்ணில் தூசு விழுந்தால் ஒரு நொடி பொறுக்க மாட்டோம். ஆண்டுக்கணக்காகத் தம் இமை மயிரே உராய்ந்து உராய்ந்து கண் குருடாவதை எண்ணிப் பாருங்கள்! செல்வ நாடுகளில் ஒழிந்துபோன இந்நோய், செல்வ நாடான ஆஸ்திரேலியாவின் ஆதிகுடிகளிடம் மட்டும் எப்படி நிலைத்தது? தண்ணீர்க் குழாயும் நல்ல வீடும் அவர்களுக்கு எட்டவில்லை. ஹாலோஸ் கொதித்தார். 1971இல் சிட்னியின் ரெட்பர்ன் பகுதியில் ஆதிகுடி மக்களே நடத்தும் மருத்துவ நிலையம் தோன்றியபோது, அதற்குத் துணை நின்றவருள் அவரும் ஒருவர்.

அடுத்து வந்ததுதான் அவர் வாழ்வின் பெருஞ்செயல். 1976 முதல் 1978 வரை, கண் மருத்துவக் கல்லூரியின் சார்பிலும் அரசின் பொருளுதவியிலும், நாடு தழுவிய கண் நலப் பயணம் ஒன்றை நடத்தினார். ஏறத்தாழ 80 கண் மருத்துவர்கள் தத்தம் தொழிலை விட்டுவிட்டுத் தொண்டர்களாக வந்து மாறி மாறிப் பணி செய்தனர். செம்மண் பாலையிலே வண்டிகள் சென்றன. மரத்தடியும் பள்ளித் தாழ்வாரமும் மருத்துவமனையாயின. பெருநிலத்து ஆதிகுடிகளோடு, வடகோடியிலே நியூகினிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் டாரஸ் நீரிணைத் தீவு மக்களும் இத்திட்டத்துக்கு உரியவர். அவர்கள் சென்ற குடியிருப்புகள் 465. சோதித்துப் பார்த்தோர் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களுள் 62,000 பேர் ஆதிகுடியினர். டிரக்கோமாவுக்கு மருந்து பெற்றோர் 27,000 பேர். செய்த அறுவைகள் ஏறத்தாழ 1,000.

இந்தக் கணக்கைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. குழு ஓர் ஊருக்குள் நுழையுமுன் ஆதிகுடியைச் சேர்ந்த பணியாளர்கள் முன்னே சென்று ஊராரிடம் பேசுவார்கள். ஊரார் சம்மதித்த பின்னரே மருத்துவர் வருவார். இதனால் ஒரு சங்கடமும் நேர்ந்தது. 1977இல் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், ஆதிகுடிப் பணியாளர் இருவர் மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கிறார்கள் என்று மாநில முதல்வர் புகார் செய்தார். அங்கே வேலை சில காலம் நிறுத்தப்பட்டது. பார்வை பெற்றவன் வாக்குச் சீட்டையும் படித்துவிடுவான் என்ற அச்சம் போலும்!

இனி ஒரு கேள்வி. தொண்டர் வந்தனர், கண்ணைத் திறந்தனர், போயினர். அடுத்த ஆண்டு புரை விழுந்த கண்ணை யார் பார்ப்பார்? நம்மிலும் பலர் விடுமுறையிலே சேவை முகாம்களுக்குச் செல்கிறோம். படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். முகாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகாமால் பார்வை பெற்றவர் நம் நாட்டிலே எத்தனையோ பேர். ஆனால் ஹாலோஸின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இக்கேள்விக்கு விடை தேடியதாகவே எனக்குப் படுகிறது.

1985இல் அவர் நேபாளம் சென்றார். அங்கே டிரக்கோமாவைவிடக் கண்புரையே பெரும்பகை. கண்ணுக்குள் இருக்கும் பளிங்கு போன்ற வில்லை மங்கிப்போவதே புரை. அக்காலத்து முகாம்களில் அந்த வில்லையை முழுதாக எடுத்துவிட்டு, சோடாப் புட்டியின் அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடி ஒன்றைத் தருவார்கள். எங்கள் குடும்பத்தில் என் தந்தையின் பாட்டியார் அத்தகைய கண்ணாடி அணிந்திருந்தாராம். படி இருக்குமிடம் ஒன்று, கால் வைக்குமிடம் ஒன்று. பக்கவாட்டில் வருகிறவர் திடீரென்று முளைத்தாற்போல் தோன்றுவார். ஒருநாள் கண்ணாடி கிணற்றடியிலே விழுந்து உடைந்தது. அடுத்தது வாங்கும்வரை பாட்டி மீண்டும் குருடுதான். எங்கள் ஊரிலாவது பேருந்து இருந்தது. இமயத்தின் மலைச் சரிவிலே, கடைக்குச் செல்லப் பல நாள் நடக்கவேண்டிய இடத்திலே, கண்ணாடி உடைந்தவன் கதி என்ன?

இதற்கு மாற்று முன்னரே உண்டு. போர் விமானிகளின் கண்ணில் தைத்த பிளாஸ்டிக் துண்டுகள் அழற்சி உண்டாக்காமல் கிடந்ததைக் கண்ட ஹரால்டு ரிட்லி என்ற ஆங்கில மருத்துவர், 1949இல் இலண்டனில் அப்பொருளாலேயே ஒரு வில்லை செய்து நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். எண்பதுகளில் செல்வர் அனைவருக்கும் இதுவே வழக்கமாகிவிட்டது. ஆனால் வில்லை ஒன்றின் விலை 100 டாலருக்கும் மேல். ஏழை நாடுகளுக்கு இது ஏற்றதன்று, விரைந்து செய்யும் பழைய முறையே போதும் என்று துறை வல்லுநர் பலர் கருதினர். அவர்கள் கெட்ட எண்ணத்தால் அப்படிச் சொல்லவில்லை. குருடர் கோடிக்கணக்கில் இருக்க, பணமோ சிறிதாக இருக்க, கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். ஹாலோஸ் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. சிட்னி நோயாளிக்குத் தாம் செய்யத் துணியாத அறுவையை நேபாளத்து உழவனுக்குச் செய்வது தகாது என்பது அவர் கட்சி. கூட்டங்களில் வாதாடினார், சில வேளைகளில் வாதத்தைக் காட்டிலும் வசையே மிகுந்தது.

நேபாளத்திலே அவருக்கு ஒரு தோழர் கிடைத்தார். சந்துக் ரூயித் என்னும் அந்த இளைஞர், திபெத்து எல்லையோரச் சிற்றூரில் பிறந்தவர். உடன்பிறந்தாளைக் காச நோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் கண் மருத்துவ மேற்படிப்புப் பயின்றது வேறெங்குமில்லை, நாம் அன்றாடம் கடந்து செல்லும் இத்தில்லி மாநகரத்து அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலேதான். 1987இல் சிட்னிக்குச் சென்று ஓராண்டுக்கு மேல் ஹாலோஸிடம் தங்கி, நுண்ணோக்கியின் கீழ் வில்லை பொருத்தும் கலையைக் கற்றார். பின்னாளில் தையலின்றிச் சிறு கீறலாலே செய்யும் மலிவான முறையை வளர்த்து, ஆசிரியரையும் விஞ்சினார்.

அதே 1987இல் ஹாலோஸ் எரித்திரியாவுக்கும் போனார். எத்தியோப்பியாவின் ஆட்சியை எதிர்த்து அந்நாடு போரிட்டுக்கொண்டிருந்த காலம். பகலில் விமானக் குண்டு. ஆகவே நடமாட்டமெல்லாம் இரவிலே. ஒரோட்டா என்னும் மலைப் பள்ளத்தாக்கில், பாறைக்கும் மரத்துக்கும் அடியில் ஒளிந்திருந்தது மருத்துவமனை. அங்கே போராளிகள் மாத்திரைகளைத் தாங்களே செய்துகொண்டிருந்தார்கள். குண்டு மழையின் கீழ் மாத்திரை செய்பவரால் கண் வில்லை செய்ய முடியாதா என்று அவருக்குத் தோன்றியது. வில்லையை இரந்து பெறுவதை விடுத்து, ஏழை நாட்டிலேயே தொழிற்சாலை அமைப்பது என்னும் எண்ணம் இப்படித்தான் பிறந்தது.

1989இல் அவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதன்பின் அவர் காட்டிய வேகம் வியப்பானது. ஆதிகுடிகளின் கண்ணைக் கவனியாத அரசிடம் பட்டம் பெறுவதில்லை என்று 1985இல் மறுத்தவரை, 1990இல் ஆஸ்திரேலியா அவ்வாண்டின் தலைசிறந்த குடிமகனாகத் தேர்ந்தெடுத்தது. 1991இல் வியத்நாம் சென்றவர், 300க்கு மேற்பட்ட மருத்துவருக்குப் புதிய அறுவையைக் கற்பிப்பதாக வாக்களித்தார். 1992இல் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தாமே எழுந்து, ஹனோய்க்குப் பறந்து அதைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு அவரும் மனைவியார் கேபியும் தம் வீட்டு உணவு மேசையைச் சுற்றி நண்பர்களைக் கூட்டி ஓர் அறநிலையம் அமைத்தனர். எய்ட்ஸ் நோய் பற்றிய மாநாடு ஒன்றில் ஓரினச் சேர்க்கையாளரைக் கடுமையாகப் பழித்துப் பேசியதும் அவ்வாண்டிலேதான். பலர் வருந்தினர், அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. அந்த நாக்கு எல்லா நேரத்திலும் ஏழையின் பக்கமே பேசியது என்று நான் எழுத இயலாது.

1993 பிப்ரவரி 10ஆம் நாள் தம் 63ஆம் வயதில் மறைந்தார். நம்பிக்கையற்றவருக்குச் சிட்னியின் பெரிய கத்தோலிக்கப் பேராலயத்திலே அரசு மரியாதையுடன் சடங்கு நடந்தது. உடலை ஏறக்குறைய 800 கிலோமீட்டர் உள்நாட்டுக்குக் கொண்டு சென்று, அவர் ஆதிகுடி மக்களுக்கு மருத்துவம் பார்த்த பர்க் என்னும் ஊரிலே புதைத்தனர்.

1994 சனவரியில் எரித்திரியாவின் தலைநகர் அஸ்மாராவிலே வில்லைத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. காத்மாண்டுவில் ரூயித்தின் திலகங்கா கண் மருத்துவமனையும் அவ்வாண்டே தொடங்கிற்று; வில்லைக்கூடமும் அங்கே எழுந்தது. 1992இலேயே மதுரையில், டாக்டர் வெங்கடசாமியின் அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலாப், அதே எண்ணத்தோடு வில்லை செய்யத் தொடங்கியிருந்தது. வைகைக் கரையில் ஒன்றும் செங்கடல் நாட்டில் ஒன்றுமாக எழுந்த இக்கூடங்களால், 100 டாலர் வில்லை 10 டாலருக்கும் கீழே இறங்கியது.

தீவுகளுக்கு வருவோம். பசிபிக் மாகடலில் ஒரு நாடென்பது நூற்றுக்கணக்கான தீவுகள். கண்புரை அறுவைக்காக வெளிநாட்டுத் தொண்டர் குழு ஆண்டுக்கொரு முறை வரும், வராவிட்டால் இல்லை. ஹாலோஸ் பிறந்த நாட்டில் 1992இல் அவர் பெயரால் தொடங்கிய அறநிலையம், 2006இல் பிஜித் தீவின் சுவாவில் ஒரு கண் மருத்துவப் பயிற்சிக் கழகத்தை நிறுவியது. தீவுகளிலே பிறந்த மருத்துவரும் செவிலியரும் அங்கே பயின்று தம் தீவுகளுக்குத் திரும்பினர். 2015இல் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவில் கண் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. வெளித்தீவுகளுக்குப் புறப்படும் குழுக்களில் அறுவைக் கத்தியைப் பிடிப்பவர், அத்தீவு மக்களின் மொழியைப் பிறவியிலேயே பேசுபவர்.