குப்பள்ளி வீடு
மலைநாட்டுச் சிறுவன் மகாகவி ஆன வரலாறு

கர்நாடகத்தில் பள்ளிக்கூடம் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள், தினமும் காலையில் ஒரு பாட்டைப் பாடுகிறார்கள். இந்தியத் தாயின் மகளே என்று கர்நாடக அன்னையைப் போற்றும் பாட்டு அது. 2004-ம் ஆண்டு அதை மாநிலப் பாடலாகக் கர்நாடக அரசு அறிவித்தது.

அந்தப் பாட்டை எழுதியவர் குவெம்பு. பெயரைத் தெரியாதவர்கள் கர்நாடகத்தில் இருக்க முடியாது. சாலைகளுக்கும், கல்லூரிகளுக்கும், பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டு இருக்கிறது. ஆனால் அவர் எங்கே பிறந்தார், எப்படி வாழ்ந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் வளர்ந்த வீடு இன்றும் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம்.

மலைகளுக்கு நடுவே

சிமோகா மாவட்டத்தில் (இப்போது சிவமொக்கா), தீர்த்தஹள்ளியில் இருந்து கொப்பா போகும் சாலையில், உள்ளே தள்ளி இருக்கிறது குப்பள்ளி. அதை ஊர் என்று சொல்வதைவிட வீடு என்று சொல்வதே பொருந்தும். நான்கு பக்கமும் காடு. நடுவே பாக்குத் தோட்டமும் நெல் வயலும். அங்கே ஒரு பெரிய ஓட்டு வீடு.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வெங்கடப்ப கவுடருக்கும் சீதம்மாவுக்கும் 1904-ம் ஆண்டு டிசம்பர் 29-ந்தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிரசவம் நடந்தது தாயாரின் ஊரான ஹிரேகொடிகேயில். குழந்தைக்குப் புட்டப்பா என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்தது குப்பள்ளி வீட்டில்.

ஊர்ப் பெயரான குப்பள்ளி, தந்தை பெயரான வெங்கடப்பா, தன் பெயரான புட்டப்பா. இந்த மூன்றின் முதல் எழுத்துகளையும் சேர்த்துத்தான் பின்னாளில் குவெம்பு என்ற புனைபெயரை அவர் அமைத்துக்கொண்டார். ஊரும் தந்தையும் கடைசி வரை அவர் பெயரிலேயே இருந்தார்கள்.

பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டுக்கே ஆசிரியரை வரவழைத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு தீர்த்தஹள்ளிப் பள்ளியில் சேர்ந்தார். 12 வயதில் தந்தையை இழந்தார்.

மேல்படிப்புக்காக மைசூர் போனார். காட்டுக்குள் வளர்ந்த பையனுக்கு நகரம் புதிது. பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த நாட்களின் தவிப்பை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

ஆங்கிலத்தில் எழுதிய மாணவன்

மைசூரில் அவருக்கு ஆங்கிலக் கவிதைகள் அறிமுகமாயின. தானும் ஆங்கிலத்திலேயே எழுதத் தொடங்கினார். 1922-ல் அவருடைய ஆங்கிலக் கவிதைகள் சிறு நூலாக வெளிவந்தன. அப்போது அவருக்கு வயது 17. பெரிய கருத்துகளைச் சொல்லக் கன்னடத்துக்குச் சக்தி போதாது என்று அந்த இளைஞர் நினைத்த காலம் அது.

1924-ல் ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் மைசூர் வந்திருந்தார். மாணவர் புட்டப்பா தன் ஆங்கிலக் கவிதைகளை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். பாராட்டுக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்தது வேறு. கவிதைகளைப் பார்த்த கசின்ஸ், இவற்றை உன் தாய்மொழியில் எழுதக்கூடாதா என்ற கருத்தில் அறிவுரை சொன்னார்.

அந்தச் சந்திப்பு அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் எழுதிய கன்னடக் கவிதையின் பெயர் 'பூவு'. பூ என்று பொருள். அதன் பிறகு அவர் பேனா கன்னடத்தை விடவில்லை. தாய்மொழியை எடுத்துக்கொள் என்று சொல்ல, கடல் கடந்து ஒரு வெளிநாட்டுக்காரர் வரவேண்டி இருந்தது!

ஆசிரமத்தில் அடைக்கலம்

கல்லூரி நாட்களில் அவர் நோய்வாய்ப்பட்டார். அப்போது மைசூர் ராமகிருஷ்ண ஆசிரமத்தில் இருந்த சுவாமி சித்தேசுவரானந்தர் அவரை ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று பராமரித்தார். அங்கேயே பல ஆண்டுகள் தங்கினார். விவேகானந்தர், ராமகிருஷ்ணர் ஆகியோரின் வாழ்க்கையைக் கன்னடத்தில் எழுதினார்.

1929-ல் மகாராஜா கல்லூரியில் கன்னட ஆசிரியர் ஆனார். 1937-ல் ஹேமாவதியை மணந்தார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் வேலை பார்த்தார். படிப்படியாக உயர்ந்து, 1956 முதல் 1960 வரை மைசூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்ற ஒருவர் அதன் துணைவேந்தர் ஆனது அதுவே முதல் தடவை. 'மானச கங்கோத்ரி' என்ற புதிய கல்வி வளாகத்தை உருவாக்கியவரும், அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே.

கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால் படிப்பை இழக்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். கல்லூரிப் பாடத்தையும் கன்னடத்தில் சொல்லிக் கொடுக்க முடியும் என்று வாதாடினார்.

கூலிக்காரனும் கதாநாயகன்

அவர் எழுதிய நாவல்கள் இரண்டு. 1936-ல் வந்தது 'கானூரு ஹெக்கடிதி'. அதை 1999-ல் கிரிஷ் கர்னாட் திரைப்படமாக எடுத்தார். 1967-ல் வந்தது 'மலெகளல்லி மதுமகளு'. மலைகளில் மணமகள் என்று தமிழில் சொல்லலாம். மைசூரில் இது நாடகமாக நடிக்கப்பட்டபோது, விடிய விடிய ஒன்பது மணி நேரம் மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இந்த நாவலில் ராஜா இல்லை, மந்திரி இல்லை. பண்ணையில் வேலை செய்யும் குத்தி என்ற தாழ்த்தப்பட்ட இளைஞன், தான் விரும்பிய திம்மியை அழைத்துக்கொண்டு மலைகளைத் தாண்டிப் போகிறான். கூடவே ஹுலியா என்ற நாயும் போகிறது. நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்த குவெம்பு, பண்ணையாளின் காதலுக்கும் அவன் நாய்க்கும் தன் பெரிய நாவலில் முக்கிய இடம் கொடுத்தார்.

சாதி வேற்றுமையை அவர் வெறுத்தார். 1928-ல் எழுதிய 'ஜலகார' என்ற நாடகத்தில், தெரு கூட்டும் தொழிலாளிக்கு முன் சிவபெருமானே தொழிலாளி உருவத்தில் வருகிறார். வரதட்சணையும் ஆடம்பரமும் இல்லாத 'மந்திர மாங்கல்ய' என்ற எளிய திருமண முறையையும் குவெம்பு ஏற்படுத்தினார். சாதி பார்க்காமல் அந்த முறையில் திருமணம் செய்துகொள்வோர் இன்றும் இருக்கிறார்கள்.

ராமனும் தீக்குளித்தான்

அவருடைய மிகப் பெரிய படைப்பு 'ஸ்ரீராமாயண தரிசனம்'. சுமார் பத்து ஆண்டுகள் பாடுபட்டு எழுதினார். 22 ஆயிரத்துக்கும் அதிகமான வரிகள்! 1949-ல் வெளிவந்தது.

சீதை மட்டும் தீயில் இறங்குவதை அவர் மனம் ஏற்கவில்லை. தன் காவியத்தில் சீதையோடு ராமனையும் தீயில் இறங்க வைத்தார். மனைவிக்கு ஒரு நியாயம், கணவனுக்கு ஒரு நியாயம் என்பது இருக்கக்கூடாது என்ற எண்ணம் அது.

காவியத்தின் தொடக்கத்தில் உலக மகாகவிகளை எல்லாம் வணங்குகிறார். ஹோமர், வர்ஜில், தாந்தே, மில்டன் ஆகியோரின் வரிசையில் நம் கம்பனுக்கும் இடம் உண்டு. தமிழர்கள் பெருமைப்படத்தக்க செய்தி இது.

இந்தக் காவியத்துக்கு 1955-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. பிறகு 1967-ம் ஆண்டுக்கான ஞானபீட விருதும் கிடைத்தது. கன்னடத்துக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அதுதான். 1964-ல் தேசிய கவி பட்டம், 1988-ல் பத்ம விபூஷண், 1992-ல் கர்நாடக ரத்னா என்று பெருமைகள் குவிந்தன.

வீடு திரும்பினார்

மைசூரில் 'உதயரவி' என்ற தன் வீட்டில் குவெம்பு வாழ்ந்தார். 1994-ம் ஆண்டு நவம்பர் 11-ந்தேதி, 89-வது வயதில் காலமானார். அவர் உடல் குப்பள்ளிக்குக் கொண்டுவரப்பட்டது. சிறு வயதில் அவர் ஓடி விளையாடிய குன்றில் இறுதிச் சடங்கு நடந்தது.

அந்தக் குன்றுக்குப் பெயர் கவிசைலம். அங்கே ஒரு பாறையில் குவெம்புவும், பி.எம்.ஸ்ரீகண்டையாவும், ஆசிரியர் டி.எஸ்.வெங்கண்ணையாவும் தங்கள் பெயர்களைப் பொறித்து இருக்கிறார்கள். ராமாயணக் காவியத்தைக் குவெம்பு காணிக்கை ஆக்கியது இந்த வெங்கண்ணையாவுக்குத்தான். நினைவிடத்தில் பழங்காலக் கல் வாயில்களைப் போலப் பெரிய கற்கள் நிறுத்தப்பட்டு உள்ளன. மாலை வேளையில் அங்கே நின்றால் மலை வரிசைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம்.

குவெம்பு வளர்ந்த வீட்டை 'கவிமனெ' என்று அழைக்கிறார்கள். கன்னடத்தில் மனெ என்றால் நம் மனைதான். வீடு பழுது பார்க்கப்பட்டு, அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளையின் பொறுப்பில் காட்சிச்சாலையாக இருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிலும் மரத்தூண்கள், மேல்மாடிகள். அடுப்பங்கரைப் பாத்திரங்கள், உழவுக் கருவிகள், புத்தகங்கள், புகைப்படங்கள் ஆகியவற்றை வைத்திருக்கிறார்கள். 2015 நவம்பரில் திருடர்கள் புகுந்து, அங்கிருந்த பத்ம விருதுப் பதக்கங்களை எடுத்துப் போய்விட்டார்கள். கர்நாடகமே வருந்தியது.

போவது எப்படி?

பெங்களூரில் இருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் சிமோகா. வழியில் வரும் பத்ராவதி, இரும்பு ஆலையால் வளர்ந்த ஊர். சிமோகாவில் இருந்து தீர்த்தஹள்ளி சுமார் 60 கிலோ மீட்டர். பஸ் வசதி உண்டு. அங்கிருந்து குப்பள்ளிக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும்.

துங்கை ஆற்றங்கரையில் உள்ள தீர்த்தஹள்ளியில் தங்குவது வசதி. தோட்ட வீடுகளிலும் விருந்தினரைத் தங்க வைக்கிறார்கள். கூடாரம் போட்டுத் தங்க விரும்பும் இளைஞர்கள், தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் இடத்திலேயே போடவேண்டும். காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கக்கூடாது. தீ மூட்டவும் கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே அடைமழை. பெருமழைக்குப் பெயர்போன ஆகும்பே பக்கத்தில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் கால்களில் அட்டை ஏறும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் இரவில் குளிரும். கம்பளி எடுத்துச் செல்லுங்கள்.

பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பள்ளியில் பாடும் பாட்டை எழுதியவர் வளர்ந்த வீடு இதுதான் என்று காட்டுங்கள். அங்குள்ள கன்னட அறிவிப்புகளைப் படித்து, அவர்களே உங்களுக்குத் தமிழில் சொல்வார்கள்.