நூறாண்டு காத்திருந்த பறவைக் குறிப்புகள்

உயிரியல் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், களப்பயணத்தில் அலுப்புத் தருவது குறிப்பேடுதான் என்பார்கள். எந்த இடம், எத்தனை மணி, எந்தப் பறவை, எத்தனை என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். இதைக் கண்டிப்பான முறையாக வகுத்தவர் ஜோசப் கிரின்னல் என்று பாடத்தில் வந்ததும் அவரைப் பற்றித் தேடத் தொடங்கினேன்.

1877ல் பிறந்த இந்த அமெரிக்கர், பெர்க்லியில் 1908ல் தொடங்கிய முதுகெலும்பு விலங்கியல் அரும்பொருளகத்தின் முதல் இயக்குநர். அதற்குப் பணம் தந்தவர் ஆனி அலெக்சாண்டர் எனும் பெண்மணி. கலிஃபோர்னியாவில் அப்போது சதுப்பு நிலங்கள் வயல்களாகிக்கொண்டிருந்தன. எல்லாம் மாறுமுன் பதிவுசெய்துவிட வேண்டும் என்று கிரின்னலின் குழு பாலைவனம் முதல் பனிமலை வரை அலைந்தது. பறவைகளைச் சுட்டுப் பாடம்செய்தார்கள். அன்றைய வழக்கம் அதுதான் என்றாலும், இன்று படிக்க எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

அவர் பெரிதாக மதித்தது குறிப்புகளை. அழியாத மை, நல்ல தாள், அன்றன்றே எழுதும் பழக்கம். அன்றாடம் தென்படும் பறவையையும் விடக்கூடாது. இந்தச் சேகரிப்பின் உண்மையான மதிப்பு ஒருவேளை ஒரு நூற்றாண்டு கழித்தே தெரியும் என்று 1910லேயே அவர் எழுதினார். 1939ல், 62 வயதில் காலமானார்.

2003ல் அதே அரும்பொருளகத்தின் ஆய்வாளர்கள், பழைய பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற இடங்களுக்கே திரும்பிச் செல்லத் தொடங்கினார்கள். சியரா நெவாடா மலையில் ஆராய்ந்த 53 பறவை இனங்களில் 48, தமக்கு ஏற்ற வெப்பத்தையோ மழையையோ தேடி இடம் மாறியிருந்தன. மொஹாவி பாலைவனத்தில் நிலைமை மோசம். அங்கு 61 இடங்களில் ஒவ்வோர் இடமும் சராசரியாக 43 விழுக்காட்டு இனங்களை இழந்திருந்தது. முக்கியக் காரணம் மழை குறைந்தது. வெயிலில் உடலைக் குளிர்விக்கப் பறவைகளுக்கு நீர் தேவை. அங்கே பெருகியது ரேவன் எனும் பெரிய காகம் மட்டுமே. காகக் குடும்பத்துக்கு எங்கும் பிழைக்கத் தெரியும் போலும்!

என்னை வியக்க வைத்தது இன்னொன்று. கலிஃபோர்னியப் பறவைகள் இப்போது 5 முதல் 12 நாள்கள் முன்னதாகவே கூடு கட்டுகின்றன. அதனால் குஞ்சு பொரிக்கும் காலத்து வெப்பம் ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் குறைகிறது. மலையேறாமலே குளிர்ச்சியைத் தேடிக்கொள்ளும் வழி இது. பழைய குறிப்புகளில் தேதி இல்லாதிருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.