வெள்ளணுக்களின் பணியைக் கண்டறிந்த மெச்னிகோவ்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுவதை நாம் அறிவோம். நம்மைக் காக்கப் போரிட்டு மடிந்த வெள்ளணுக்களே அச்சீழில் மிகுதியாக உள்ளன. அவற்றின் பணியை உலகுக்கு உணர்த்திய பேரறிஞர் இலியா மெச்னிகோவ் ஆவார்.

அன்னார் 1845ஆம் ஆண்டில், அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த கார்கிவ் வட்டாரத்தில் பிறந்தார். அஃது இன்று உக்ரேன் நாட்டில் உள்ளது. பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். ஆயினும், இல்லறத்தில் துன்பம் சூழ்ந்தது. 1873இல் அவர்தம் துணைவியார் காசநோயால் காலமானார். பின்னர் மணந்த ஓல்கா அம்மையாரும் 1880இல் குடற்காய்ச்சலால் வாடிப் பிழைத்தார். நோயின் கொடுமையை அவர் தம் வீட்டிலேயே கண்டவர்.

1882இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கிக் கடலுயிர்களை ஆராய்ந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி போன்ற உடலுடையது. உள்ளே உயிரணுக்கள் நகர்வதை உருப்பெருக்கியில் காணலாம். அதன் உடலில் ரோஜா முட்களைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் அவ்வணுக்கள் திரண்டு முட்களைச் சூழ்ந்து நின்றன! அடுத்து நீர்த்தெள்ளை ஆராய்ந்தார். அதன் உடலில் புகுந்த பூஞ்சை வித்துகளை அணுக்கள் விழுங்கிச் செரித்தால் அது பிழைத்தது, இயலாவிடில் மடிந்தது. நம் குருதியின் வெள்ளணுக்களும் இவ்வாறே கிருமிகளை விழுங்குகின்றன என்று அவர் நிறுவினார்.

அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. கிருமிகளைக் கொல்வது குருதியின் தெளிநீரே என வாதிட்டனர். மெச்னிகோவ் மனந்தளரவில்லை. 1888இல் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் அவருக்கு ஆய்வுக்கூடம் அளித்தார். 1908இல் நோபெல் பரிசு, குருதிநீரின் ஆற்றலை ஆராய்ந்த பால் எர்லிக்குக்கும் மெச்னிகோவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரு தரப்பிலும் உண்மை இருந்தது. குருதிநீரிலுள்ள எதிர்ப்பொருள்கள் கிருமிகளின்மீது படிந்து, அவற்றை வெள்ளணுக்கள் எளிதில் விழுங்கத் துணைபுரிகின்றன.

வெள்ளணுக்கள் எலும்பு மச்சையில் தோன்றுகின்றன. அவற்றுள் ஒருவகை, காயம்பட்ட இடத்துக்கு விரைந்து சென்று கிருமிகளை விழுங்கிச் சில நாள்களிலேயே மடிகிறது. மற்றொருவகை, குருதியை விட்டுத் தசை முதலிய இடங்களில் புகுந்து, பெரிய விழுங்கணுக்களாக வளர்ந்து காவல் புரிகிறது.

1916இல் மெச்னிகோவ் பாரிசில் இயற்கை எய்தினார். பிறர் மறுத்தபோது அவர் சினந்து ஒதுங்காமல், மீண்டும் மீண்டும் ஆய்ந்து சான்று காட்டினார். கற்கும் நாமும் அவ்வழி நிற்போமாக!