மருந்துக்குச் சட்டம் கேட்ட சோப்ரா

டிப்ளமா பார்மஸி சட்டப் பாடத்தில் எனக்கு முதலில் மனப்பாடமான பெயர் சோப்ரா. சோப்ரா கமிட்டி, 1930. இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போன பிறகுதான் அந்த மனுஷர் மேல் எனக்கு மரியாதையே வந்தது.

ஒருநாள் டாக்டர் சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலா, அதே மாதிரிப் பெயருள்ள வேறொன்றை எடுத்துவிட்டேன். சீனியர் அக்கா கையைப் பிடித்து நிறுத்தி, புத்தகத்தைப் பார்த்தியான்னு கேட்டாங்க. பார்க்கலை. இரண்டும் வேறு வேறு வியாதிக்கானவை. புத்தகமே இல்லாத காலத்தில் என்ன செய்திருப்பாங்களோ என்று அன்று ராத்திரி தூக்கமே வரலை.

சர் ராம்நாத் சோப்ரா 1882-ல், இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, 1908-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1921-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியர். நாட்டு மருந்தானாலும் சரி, ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். சர்ப்பகந்தி ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று அவர் குழு 1933-லேயே எழுதியது.

அப்போது கடையில் விற்கும் மருந்தின் தரத்தைக் கேட்க நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் கிடையாது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவிலேயே கலப்படம். டாக்டர் சரியாக எழுதினாலும் பாட்டிலில் இருப்பது எது? இதை விசாரிக்கத்தான் 1930-ல் சோப்ரா தலைமையில் கமிட்டி போட்டாங்க. சட்டம் வேணும், சோதனைக்கூடம் வேணும், மருந்து கலப்பவருக்குப் படிப்பும் பதிவும் வேணும்னு 1931-ல் அறிக்கை கொடுத்தார். வழக்கம்போல் அது அலமாரியில் தூங்கியது! மருந்துச் சட்டம் வந்தது 1940-ல்; நம்ம பார்மஸி சட்டம் 1948-ல்.

அதோடு அவர் விடவில்லை. பிரிட்டிஷ் பார்மகோபியாவில் இல்லாத, ஆனால் இங்கே புழங்கும் மருந்துகளுக்குத் தரம் சொல்லும் பட்டியல் 1946-ல் அவர் தலைமையில் தயாரானது. அதன் தொடர்ச்சியாக 1955-ல் இந்தியன் பார்மகோபியா வந்தது. மருந்து சுத்தமா என்பதற்கு அது. யாருக்கு எவ்வளவு, யாருக்குக் கூடாது என்பதற்கு நேஷனல் பார்முலரி, 1960-ல். நம்மில் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறோம், நானும் நினைத்தவன்தான்.

இரண்டும் அச்சில் வந்த பிறகு, 1973-ல் சோப்ரா காலமானார். பயிற்சி முடியும் வரை அக்கா மேசையில் இருந்த பார்முலரியைத் தினமும் இரவல் வாங்கினேன். கடைசியில் அவங்களே அதை என் மேசைக்கு மாற்றிட்டாங்க.