கரி கட்டிய கார்

ஆண்டு மலருக்கு ஒரு சாதனையாளரின் வாழ்க்கையை எழுதித் தருகிறாயா என்று மன்றச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கரிவரதன் என்றேன். யாருடா அது, பெருமாள் பேர் மாதிரி இருக்கு என்றார். தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போனால் பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக். ஒரு காலத்தில் அங்கே சீறிக்கொண்டு ஓடிய கார்களை வடிவமைத்த மனிதரை நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கே தெரியவில்லை என்றால் எப்படி?

எஸ். கரிவரதன் 1954-ல் பிறந்தவர். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பம். ரேஸ் வட்டாரத்தில் சுருக்கமாக, கரி.

அன்றைக்கு ரேஸ் என்றாலே சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். அதிலேதான் வருஷா வருஷம் திருவிழா மாதிரி கூட்டம் சேரும். வெளிநாட்டு ஃபார்முலா கார்களை இறக்குமதி செய்து ஓட்டிய பணக்காரர்கள் ஒரு பக்கம். ஃபியட்டையும் ஹெரால்டையும் அக்கக்காகப் பிரித்துப் போட்டு, எடையைக் குறைத்து ஓட்டியவர்கள் இன்னொரு பக்கம். 1970-களிலும் 80-களிலும் அங்கே பேர் வாங்கிய ஓட்டுநர்களில் கரி ஒருவர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு இவர் மேல் பெரிய மரியாதை ஒன்றும் வரவில்லை. எங்கப்பா பெருங்களத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மில் முதலாளி வீட்டுப் பிள்ளை வேகமாகக் கார் ஓட்டினாராம், இதிலென்ன அதிசயம் என்றுதான் நினைத்தேன். ஃபார்முலா மாருதியைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் எண்ணம் மாறியது.

1983-ல் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. இன்ஜின். காய்கறி வாங்கப் போகிற குடும்பக் கார்! அந்த இன்ஜினை வைத்தே 1980-களின் பிற்பகுதியில் கரி ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். முன்னாலே இருந்து முன் சக்கரத்தை இழுத்த இன்ஜினை, ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பின் சக்கரத்தைத் தள்ள வைத்தார். குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்த சட்டகம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது புரியும்: முக்கோணமாகக் கட்டினால் குழாய் வளையாது, இழுவிசையையும் அமுக்கு விசையையும் மட்டும் தாங்கும். அதனால் எடை குறைவு, உறுதி அதிகம்.

இதில் பெரிய விஷயம் வேகம் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் உள்ளூரிலேயே கிடைத்தது, கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரே இன்ஜின், ஆகவே ஜெயிப்பது பணப்பெட்டி அல்ல, ஓட்டுகிறவன் கைதான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்ததும் இந்தக் குட்டிக் கார்களுக்கு நல்ல களம் கிடைத்தது. கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான்.

1995 ஆகஸ்டில் விமான விபத்தில் கரி இறந்துபோனார். வயது 41. தரையில் அத்தனை வேகம் ஓட்டியவருக்கு முடிவு வானத்தில் காத்திருந்தது. 2005-ல் ஜோர்டன் அணிக்காக நாராயண் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கி, முதல் இந்தியர் என்று பேர் வாங்கியபோது, பார்க்க கரி இல்லை.

கோவை செட்டிபாளையத்தில் குட்டி விமானங்கள் இறங்கிய இடத்தில் போட்ட ட்ராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே. ஃபார்முலா பாரத் போட்டிக்கு, தாங்களே கட்டிய கார்களோடு இன்ஜினியரிங் மாணவர்கள் அங்கே வருகிறார்கள்.

போன மாதம் அப்படி ஒரு காரின் சட்டகப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜாயிண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். நம்ம பட்டறையிலேயே அடிச்சிடலாம்டா, இதுல என்ன இருக்கு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சரி, இன்ஜினுக்கும் டயருக்கும் காசு யார் தருவா என்று கேட்டார்.