கெர்ட்டி கோரி அம்மையார்

ஓடியாடி உழைத்துக் களைத்தவர் சிறிது நேரம் இளைப்பாறின், மீண்டும் உடலில் வலிமை தோன்றக் காண்கின்றோம். செலவான வலிமை எவ்வாறு மீண்டது என்று நம்மிற் பலர் வினவுவதில்லை. அவ்வினாவிற்கு விடை காண்பதிலே தம் வாணாளைச் செலவிட்ட மாதரசியார் ஒருவர் உண்டு. அவரே கெர்ட்டி கோரி அம்மையார்.

அம்மையார் 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள், அந்நாளில் ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசிற்கு உட்பட்டிருந்த பிராகா நகரில், யூதக் குடும்பம் ஒன்றில் தோன்றினார். தந்தையார் சர்க்கரை ஆலைகளை மேற்பார்த்து வந்தவர். அவர்தம் மகளார் பிற்காலத்தில் மக்கள் உடலிலுள்ள சர்க்கரையை ஆராயப் புகுந்தது வியத்தற்குரிய பொருத்தமேயாம். மருத்துவம் பயில வேண்டுமென்னும் அவா இளமையிலேயே அவருக்கு உண்டாயிற்று. ஆனால் அக்காலத்துப் பெண்கள் பள்ளியிற் பெற்ற கல்வி மருத்துவக் கலாசாலை புகுதற்குப் போதியதாயில்லை. லத்தீன், கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றைக் குறுகிய காலத்தில் அரிதின் முயன்று கற்றுத் தேறி, 1914-ல் பிராகாவின் ஜெர்மானியப் பல்கலைக் கழகத்தில் மருத்துவ மாணவியாய்ச் சேர்ந்தார். அங்கே கார்ல் கோரி என்பார் உடன் மாணாக்கராயிருந்தார். 1920-ல் இருவரும் பட்டம் பெற்றனர். அவ்வாண்டிலேயே மணமும் புரிந்துகொண்டனர்.

முதல் உலகப் போர் முடிந்து பஞ்சம் சூழ்ந்திருந்த காலம் அது. வியன்னாவிற் குழந்தைகள் மருத்துவமனையொன்றிற் பணிபுரிந்த அம்மையார், நல்லுணவின்மையாற் கண்ணோய்க்கும் ஆளானார். ஆராய்ச்சிக்கு அமைதியான இடந்தேடிய தம்பதிகள் 1922-ல் அமெரிக்கா சென்று, பபலோ நகரத்து ஆராய்ச்சி நிலையமொன்றில் அமர்ந்தனர்.

தசையிற் சேமித்து வைக்கப்பட்ட கிளைகோஜன் என்னும் மாப்பொருள், நாம் விரைந்து உழைக்குங்கால் சிதைந்து லாக்டிக் அமிலமாகின்றது. அவ்வமிலம் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைய, கல்லீரல் அதனை மீண்டும் சர்க்கரையாக்கி இரத்தத்திற் செலுத்துகின்றது. அச்சர்க்கரையைத் தசை ஏற்றுத் தனக்குரிய சேமிப்பாக்கிக்கொள்கின்றது. கடல்நீர் முகிலாகி மழையாய்த் திரும்புவது போன்ற இச்சுழற்சியை இருவரும் 1929-ல் விளக்கினர். கோரி சுழற்சி என்றே இன்றும் அது வழங்குகின்றது.

இருவரும் சேர்ந்து உழைத்தனர். ஆயினும் உலகம் இருவரையும் ஒன்றாய் நோக்கவில்லை. ஒரு பல்கலைக் கழகத்தார் கார்லுக்கு உயர்ந்த பதவி தருவதாகவும், அவர் மனைவியாரோடு சேர்ந்து ஆராய்தலைக் கைவிட வேண்டுமெனவும் கூறினர். கணவரின் முன்னேற்றத்திற்குத் தாம் தடையாயிருப்பதாக அம்மையாரிடமே உரைத்தனர். அவர் கண்ணீர் உகுத்தார்; கார்ல் அப்பதவியை மறுத்தார். 1931-ல் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக் கழகம் கணவரைப் பேராசிரியராக்கி, மனைவியாரை மிகக் குறைந்த ஊதியத்தில் ஆராய்ச்சித் துணைவராக அமர்த்திற்று. அந்தச் சிறு பதவியிலிருந்தே அம்மையார் பெருஞ்செயல் புரிந்தார். கிளைகோஜன் சிதையுங்கால் முதலில் தோன்றும் பொருளை 1936-ல் இருவரும் கண்டனர். 1939-ல் கிளைகோஜனையே கண்ணாடிக் குழாயில் உண்டாக்கிக் காட்டினர்.

பேராசிரியர் என்னும் பெயர் அம்மையாருக்கு 1947-ல்தான் கிட்டிற்று. பதினாறு ஆண்டுகள் காத்திருந்த பேறு அது! அவ்வாண்டிலேயே மருத்துவத்திற்குரிய நோபல் பரிசின் ஒரு பாதி கோரி தம்பதிகளுக்கும், மறுபாதி அர்ஜென்டினா நாட்டுப் பெர்னார்டோ ஊசேக்கும் வழங்கப்பெற்றது. மருத்துவத் துறையில் அப்பரிசினைப் பெற்ற முதற் பெண்மணி இவரே.

மகிழ்ச்சியுடன் துன்பமும் வந்தது. இரத்தம் ஊறும் எலும்பு மச்சையைக் கெடுக்கும் தீராநோய் அவரைப் பற்றியிருப்பது அதே ஆண்டிற் புலப்பட்டது. பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டே பத்தாண்டு வாழ்ந்தார், ஆராய்ச்சியை விட்டாரில்லை. ஒருவகைப் பரம்பரைநோய், கல்லீரலில் ஒரு நொதி குறைவதால் விளைவதென 1952-ல் நிறுவியது இந்நோய்க்காலத்திலேதான். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். கோரி தம்பதிகளின் கூடத்திற் பணியாற்றியவருள் அறுவர் பின்னர் நோபல் பரிசு பெற்றனர்.

நண்பர்களே, அம்மையாரின் பொறுமையைப் போற்றுதல் எளிது. ஆனால் அத்துடன் அமைதல் தகுமோ? பதவியைத் துறந்தும் மனைவியாரின் பணியைக் காத்த கணவர் அவருக்கு வாய்த்தார். அத்தகைய துணை வாய்க்கப்பெறாமையால் ஆராய்ச்சிக்கூடத்து வாயிலிலேயே திரும்பிய மாதர் எத்துணையரோ? அவர்தம் பெயரை நாம் அறியோம். அவர் கண்டிருக்கக்கூடிய உண்மைகளையும் அறியோம். ஒருவருடைய நற்பேற்றால் திறக்குங் கதவு, அனைவருக்கும் நீதியால் திறத்தல் வேண்டும். அதற்கு உழைத்தலே கோரி அம்மையாருக்கு நாம் செய்யும் தக்க வணக்கமாகும்.